இறக்கு

சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. தலையில் பாரத்தோடு போகிறவனுக்கு முழங்கால் ஆடினால் "இறக்கு" என்று சொல்லிவிட வேண்டும். கத்த வேண்டியதில்லை, கத்துவதற்கு மூச்சும் இருக்காது. அடித்தொண்டையிலிருந்து பிதுங்கி வரும் அந்தச் சத்தம் காதில் விழுந்தால், பக்கத்தில் இருப்பவன் வாயில் டீயை வைத்திருந்தாலும், முந்தின நாள் இவனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டிருந்தாலும், ஓடிப்போய்த் தோளைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் சுமக்கிறவன் கழுத்தைத் தளர்த்துவான். இறக்கு சொன்னவனை யாரும் கேலி செய்ததில்லை. சொல்லாமல் நின்று இடுப்பை ஒடித்துக்கொண்டு படுக்கையில் கிடக்கிறவனைப் பார்க்கப் போகும்போதுதான், "பெரிய வீரன்டா நீ" என்று சிரிப்பார்கள்.

போதகர் அந்தக் கிடங்கிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர். அப்போது அவருக்கு இரும்பு என்று பட்டப்பெயர். ஒருநாளும் இறக்கு சொல்லாதவர் என்பதால் வந்த பெயர் அது. அவருக்கு ஜோடி நெட்டை. ஒருவன் குனிந்து கொடுக்க மற்றவன் ஏற்றிவிட, லாரி லாரியாகச் சரக்கு இறக்கியவர்கள். பிறகு இவருக்கு அழைப்பு வந்தது. காலியாகக் கிடந்த பழைய தகரக் கொட்டகையைச் சபை வாடகைக்கு எடுத்தது. கிடங்கு ஆட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான் விசுவாசிகள். நெட்டை இன்னும் மூட்டைதான் தூக்குகிறான். "மாப்ள" என்று கூப்பிட்டவன், இவர் கையில் வேதப் புத்தகம் வந்த அன்றிலிருந்து "ஐயா" என்று கூப்பிடுகிறான்.

போதகரின் மனைவியும் மூட்டைக்காரர் மகள்தான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நீராவியில் நின்று நின்று அவள் கைவிரல் நுனியெல்லாம் ஊறவைத்த பருப்பு மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். வேலை முடிந்ததும் கிழிந்த விரிப்புகளை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பாள். அதில் கொஞ்சம் கூடுதல் வரும்படி. வாசலுக்கு வந்ததும் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, மூட்டையைச் சுவரோடு உரசிச் சரியவிடுவாள். இறக்கிவிட ஆள் கிடையாது. அந்த இடத்தில் சுவர் வட்டமாகத் தேய்ந்து, சுண்ணாம்பு போய் மண் தெரிந்தது.

எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினதும் மனைவியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பான். இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். இவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். வெங்காயம் உரிக்கிறதில் அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? பார்க்கவே கூடாது என்று நினைப்பாள். ஆனால் வெளிச்சத்துக்கு வாசல் பக்கமாகத்தான் உட்கார வேண்டியிருந்தது.

போதகர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம் போனுக்கு எப்படித்தான் தெரியுமோ.

"யாரு, தலைவலிக்காரியா?" என்பாள் அடுப்படியிலிருந்து.

"அந்த சகோதரிய அப்படிச் சொல்லாதம்மா."

"தினமும் தலைவலின்னு சொல்றவள வேற என்னன்னு சொல்றது? ஒரு மாத்திரை போட்டா போற வலிக்கு எம் புருஷன் சோத்துல கை காஞ்சு உக்காந்திருக்கணுமா?"

அவர் இடதுகையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபிப்பார். வலதுகையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அது முடிந்தால் கனவுக்காரர் கூப்பிடுவார். ஓய்வு பெற்ற வாட்ச்மேன். ராத்திரி முழுக்க விழித்திருந்து பழகியவருக்கு இப்போதுதான் தூக்கம் கிடைத்திருக்கிறது, அதனால் கனவாகக் காண்கிறார். எல்லாவற்றையும் போதகரிடம் விளக்கம் கேட்பார். அவரோடு பேசும்போது போதகர் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது. வெளியில் உள்ளவர்களுக்குச் சிரிப்பு, தேறுதல், பொறுமை, இனிப்பான குரல். எல்லாவற்றையும் பங்குவைத்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்குள் காலை வைத்ததும் பாயில் விழுந்து வாயைத் திறந்தபடி தூங்குவார். கொஞ்ச நாளாகக் கை நடுக்கம் வேறு. டீ கிளாஸைத் தூக்கும்போது சாஸரில் டக்டக்கென்று தட்டும். பேசுகிற பேச்சில் பாதி காற்றாகப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள்.

பிரசங்கம் முடிந்ததும் ஜெபத்துக்கு வரிசை நிற்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, என்ன விஷயம் என்று கேட்டு ஜெபிப்பார். எவளெவள் தலையிலோ படுகிற கை. அன்றைக்கு அவளும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். முன்னால் தலைவலிக்காரி, பின்னால் கனவுக்காரர். அவள் முறை வந்தது. தலையில் கை விழுந்தது. சூடான, நடுங்குகிற கை.

"சொல்லும்மா, என்ன விஷயம்?"

"புருஷன் வீடு தங்கறதில்லைங்க ஐயா."

அவருக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை. "கர்த்தாவே," என்று ஆரம்பித்துவிட்டார், "இந்தச் சகோதரியோட கண்ணீரைப் பாரும். இவங்க புருஷனைத் தொடும். குடியிலருந்தும் கெட்ட சகவாசத்துலருந்தும் அந்த மனுஷனை விடுவியும்!"

கனவுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் "ஆமென்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தி வெளியே போய்விட்டாள். அவர் கண்ணைத் திறந்தபோது அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எந்தக் கூட்டத்திலும் அவருக்கு அடையாளம் தெரிகிற முதுகு.

வீட்டில் அவர் வந்து நின்றதும் தட்டை வைத்தாள்.

"வாங்க. குடிய விட்டாச்சா?"

"சபையில வச்சு இப்படிப் பண்ணலாமா நீ? எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். பொண்டாட்டி குரலு புருஷனுக்குத் தெரியல. இத நெனச்சு நான் அழணும், அவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்."

"ஊழியம்னா அப்படித்தான். ஆத்துமாக்களோட பாரம் எம் மேல இருக்கு."

"எங்கப்பாவும்தான் பாரம் சொமந்தாரு. வீட்டு வாசப்படியில தலைச் சும்மாட அவுத்துப் போட்டுட்டுதான் உள்ள வருவாரு. எங்கம்மாவ ஒரு நாளும் அடுத்தவன் மூட்டைய தலையில வச்சுக்கிட்டுப் பாத்ததில்ல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வாரத்துல ஒரு நாளு. திங்கக்கிழமை. எனக்கும் அன்னைக்குத்தான் லீவு. போனை எங்கிட்ட குடுத்துடுங்க. ஒலகத்தப் படைச்சவரே ஒரு நாளு ஓஞ்சாரு, நீங்க அவருக்கு மேலயா?"

அது அவரைக் குத்தியிருக்க வேண்டும். "சரி. திங்கக்கிழமை," என்றார்.

கடைத்தெரு வரைக்கும் சேர்ந்து நடந்து போய்வருவது என்று பேச்சு. வாங்குவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. எதிர்வீட்டுக்காரி பார்க்கப் போக வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவள் தலையை வாரி, மடிப்புக் கலையாத சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். போன் அவள் கையில் இருந்தது. அடித்தது. துண்டித்தாள். திரும்ப அடித்தது. மூன்றாவது தடவை அவர் கையை நீட்டினார்.

"யாருன்னு மட்டும் பாத்துடறேன்."

கிடங்கில் ஒருவன் காலில் பலகை விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆபத்து ஒன்றும் இல்லை, கட்டுப் போட்டிருக்கிறார்கள், யாராவது வந்து ஒரு ஜெபம் பண்ணினால் தேவலை என்றது போன்.

"யாராவதுன்னுதான சொல்றாங்க? நெட்டைய அனுப்புங்க. பக்கத்துலதான் இருக்கான்."

"அவன் எதுக்கு?"

கேட்ட வேகத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். களைப்பெல்லாம் போய் முகம் கிண்ணென்று இருந்தது. அது என்ன முகம் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எதிர்வீட்டு வெங்காயத்தைப் பார்க்கும்போது கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கும் அந்த முகம்தான் இருக்கும்.

நெட்டைக்குப் பேச வராது. அவன் ஜெபம் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் முடிந்த பிறகு எழுந்து போக மாட்டான். நோயாளியின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, தலையணையைச் சரிசெய்து, தண்ணீர் பிடித்துக்கொடுத்து, கிடங்குக் கதை பேசிவிட்டு வருவான். கொஞ்ச நாளாக ஜனங்கள், "ஐயாவுக்குச் சிரமம்னா நெட்டை வந்தாலும் போதும்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் போதகர் ஒரு கூட்டத்தில், "சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. யாரு வேணும்னாலும் எங்க வேணும்னாலும் போய்க் கை வைக்கக் கூடாது" என்று பொதுவில் சொல்லிவைத்தார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்றிலிருந்து நெட்டை கடைசி வரிசையில், செருப்பு கழற்றிப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறான்.

"ஏங்க," என்றாள் அவள் மெதுவாக. "இது பாரம் இல்லைங்க."

"பின்ன?"

"வயித்தெரிச்சல். ஒரு நாளு நீங்க போகலன்னா அவன் போயிடுவான். அவன் போனா அவங்களுக்குப் புடிச்சுப்போயிடும். அதான உங்களுக்கு?"

"நீ யாரு என்னைச் சொல்ல? சபைக்கு வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தியையும் பாத்து எரியறவ நீ!"

"ஆமா, எரியறேன். நான் ஒத்துக்கறேன். நீங்க ஒத்துக்கல. அதான் வித்தியாசம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் மடிப்புக் கலையாத சேலையோடு உட்கார்ந்து விரிப்பு தைத்தாள். எதிர்வீட்டுக்காரி, "கடைக்குப் போகலியா?" என்று கேட்டாள். "அவரு அவசரமாப் போயிட்டாரு. பெரிய ஊழியம் பாருங்க, எல்லாரும் தேடறாங்க," என்று பெருமையாகச் சொன்னாள். சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு மழை. தகரக் கூரையில் விழுகிற மழை கிடங்கில் அரிசி கொட்டுகிற மாதிரி இரைந்தது. போதகருக்குக் காலையிலிருந்தே உடம்பு கொதித்தது.

"போகாதீங்க. எழுந்து நிக்கவே முடியல உங்களால."

"நின்னுடுவேன். நின்னே பழக்கம்."

பிரசங்கத்தை எப்படியோ முடித்தார். பாதி மழையில் போனது, பாதி தொண்டையில் போனது. வரிசை ஆரம்பித்தது. மழைக்கு ஒதுங்க வந்தவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். அவள் பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து அவர் வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டி ஆடியது. காற்று என்று முதலில் நினைத்தாள். கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஆடியது முழங்கால்.

தலைவலிக்காரியின் தலையில் அவர் கை இருந்தது. ஜெபத்துக்குக் கை வைத்திருக்கிறார் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார் என்று இவளுக்குத் தெரிந்தது. அப்போது மைக்கில் அந்தச் சத்தம் வந்தது.

"இறக்கு."

வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள்.

"இறக்கு... இறக்கு..."

"இறக்கும் ஆண்டவரே!" என்று முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "அக்கினிய இறக்கும்! வல்லமைய இறக்கும்!" டோலக்குக்காரன் அடிக்க ஆரம்பித்தான். "இறக்கும், இப்பவே இறக்கும்!" என்று கொட்டகை முழுக்கக் கை உயர்ந்தது. கிடங்கில் ஆயிரம் தடவை அந்தச் சொல்லைக் கேட்டவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்கள். சபைக்குள் கேட்டால் அது வேறு சொல் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அபிஷேகம் இறங்குகிறது என்று வரிசை முட்டி மோதி முன்னால் நெருங்கியது. இருக்கிற பாரம் போதாதென்று இன்னும் ஏற்றினார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். செருப்புகளுக்குப் பக்கத்தில் நெட்டை எழுந்து நின்றிருந்தான். அவன் கண்ணை மூடவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு எட்டு வைத்தான். பிறகு நின்றுவிட்டான். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே.

அவளுக்கு முக்காடு நழுவியது. எழுந்து நின்று, அவள் அப்பன் லாரி டிரைவர்களைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"டேய் நெட்டை! என்னடா மரம் மாதிரி நிக்கிற? எம் புருஷன் இறக்கு சொல்றான்டா!"

டோலக்கு நின்றது. போதகரம்மா வாயிலிருந்து "டா" வந்ததில் கையைத் தூக்கினவர்கள் தூக்கினபடி நின்றார்கள். மழை மட்டும் இரைந்தது.

நெட்டை ஓடினான். பாயை மிதித்து, குழந்தைகளைத் தாண்டி, வரிசையை இரண்டாகப் பிளந்துகொண்டு போய் அவர் கைக்கடியில் தோளைக் கொடுத்தான். அப்போதும் அவர் உடம்பு தளரவில்லை. ஒரு கை மைக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் யார் என்று பார்த்தார். பார்த்த பிறகு இன்னும் இறுகினார். பல்லைக் கடித்தது தெரிந்தது. நெட்டைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் வாயை அவர் காதுக்குக் கொண்டுபோனான். மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது.

"மாப்ள. வாங்கிட்டேன். விடு."

அவர் கழுத்து தளர்ந்தது. முழுக் கனமும் நெட்டையின் தோளில் விழுந்தது. அந்த உயரமான உடம்பு கொஞ்சம் வளைந்து, பிறகு நிமிர்ந்தது. கிடங்கு ஆட்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கிக்கொண்டார்கள். ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். "நம்ம காதுலயும் விழுந்துதேடா," என்றான் பக்கத்திலிருந்தவனிடம். தலைவலிக்காரி அவர் விரல்கள் அழுந்தின இடத்தைத் தடவிக்கொண்டே அழுதாள்.

மழையில் ஆட்டோ கிடைக்கிற வரைக்கும் அவரை ஓரத்துப் பாயில் படுக்கவைத்திருந்தார்கள், அவள் பக்கத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சத்து மருந்து ஏற்றி, "எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, போன் கூடவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. போதகர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போன் அவள் இடுப்பில் செருகியிருந்தது. தலைவலிக்காரி வாசலில் வந்து நின்றாள். கையில் மூடிபோட்ட பாத்திரம், ஐயாவுக்குச் சூப். இவளுக்கு உள்ளே காந்தியது. சூப் நன்றாக மணத்தது வேறு.

"ஐயாவ ஒரு எட்டுப் பாத்துட்டு..."

"ஐயா இறக்கி வச்சிருக்காரு. பாத்திரத்த மட்டும் குடு."

"எனக்கு ராத்திரியிலருந்து தலை..."

"நெட்டையப் பாரு. இல்லன்னா இந்தா." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையைக் கொடுத்தாள். போகிறவளைக் கூப்பிட்டு, "வெறும் வயித்துல போடாத," என்றும் சொன்னாள்.

உள்ளே வந்ததும் அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். காற்றுக் குரல்.

"நேத்து... மீதி வரிசைக்கு அவன்தான் ஜெபிச்சானா?"

"அவன்தான்."

"எப்படிப் பண்ணினான்?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "நல்லாத்தான் பண்ணினான். ஒவ்வொருத்தர் மொகத்தயும் பாத்துப் பண்ணினான். கண்ண மூடல."

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"எரியுது," என்றார்.

"எங்க, நெஞ்சுலயா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"இல்ல. நீ சொன்னியே, அது."

அவள் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. "எனக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்து எரியுது. செத்தா போயிட்டேன்? கொஞ்ச நாளு உங்களுக்கும் எரியட்டும். சூப்ப குடிங்க. அவ கை ருசியக் கண்டு எதையும் சொல்லிடாதீங்க."

அவர் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை வழித்துக் குடித்ததிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் நடுவில் ஒரு நாள் அவள் வழக்கம்போல விரிப்பு மூட்டையோடு வந்தாள். கனவுக்காரர் வழியில் பிடித்துக்கொண்டு, ஐயா விழப்போவதைத் தான் முன்கூட்டியே கனவில் கண்டதாகச் சொன்னார். "அப்ப முன்னாடியே வந்து புடிச்சிருக்கலாமே," என்றுவிட்டு நடந்தாள். வாசலுக்கு வந்து, பழக்கதோஷத்தில் சுவருக்கு முதுகைக் காட்டினாள். தேய்ந்த வட்டத்தில் மூட்டை பட்டது. சரியவிடவில்லை. திரும்பி நிலைப்படியில் நின்றாள். உள்ளே அவர் எழுந்து உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவள் முழங்கால் ஒன்றும் ஆடவில்லை. இதைவிடப் பெரிய மூட்டையெல்லாம் தூக்கினவள். இருந்தாலும் சொன்னாள்.

"இறக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரிய நேரமாயிற்று. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு காலாக ஊன்றி வந்து, நடுங்குகிற இரண்டு கையையும் மூட்டைக்கு அடியில் கொடுத்துத் தோளை வைத்தார். அவள் கழுத்தைத் தளர்த்தாமல் நின்றாள்.

"என்ன? விடு."

"சட்டம் தெரியாதா? சொல்லுங்க."

"வாங்கிட்டேன்."

விட்டாள். மூட்டையோடு அவர் ஒரு பக்கம் சாய, அவள் பிடிக்க, இரண்டு பேருமாக விரிப்புகளின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்கள். இரும்பு இப்போது தகரமாகிவிட்டது என்றாள் அவள். அவர் சிரித்தார். குரல் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

எதிர்வீட்டில் டிரைவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவன் மனைவி தனியாக வெங்காயத்தை வைத்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் கதவைச் சாத்தக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்," என்றாள் அவள். "தெறந்தே கெடக்கட்டும்."